இரண்டாம் கூண்டின் ஈரல்

பட்டாபிக்கு எலிகள் மேல் கோபம் கோபமாக வந்தது. சாக வேண்டாம், கொஞ்சம் சோர்ந்தாவது படுக்கக் கூடாதா?

மூக்கிரட்டைக் கீரையில் ஆறு வருஷ ஆராய்ச்சி. அதில் இரும்புச்சத்து இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு, ஃபிளேவனாய்டு இன்னின்ன என்று முந்நூறு பக்கம் எழுதியாயிற்று. அது ஈரலைக் காக்கும் என்று நிரூபிப்பதுதான் பாக்கி. இரண்டு கூண்டு எலிகளுக்கும் ஈரலைக் கெடுக்கும் மாத்திரை கொடுத்து, முதல் கூண்டுக்கு மட்டும் ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த கீரைச் சாறு ஊற்றினான். இரண்டாம் கூண்டுக்கு வெறும் தண்ணீர். முதலாவது தேற வேண்டும், இரண்டாவது தேறக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் இரண்டுமே தேறியிருந்தன.

வலியசாலை வீட்டில் அவன் மனைவி விஜயம் ‘டாக்டர் பட்டாபி’ என்று பெயர்ப்பலகையே செய்து வைத்துவிட்டாள்.

“எந்தா பட்டாபி இது?” என்றார் ஆராய்ச்சி வழிகாட்டி ஜானவி, மலையாளம் கலந்த தமிழில். “வெறும் தண்ணியில ஈரல் சரியாகும்னா உன் கீரை எதுக்கு?”

“சாறு போறலை மேடம். டோஸை ரெட்டிப்பாக்கிப் பாக்கறேன்.”

ரெட்டிப்பாக்கினான். முதல் கூண்டு நன்றாகத் தேறியது. இரண்டாம் கூண்டு அதைவிட நன்றாகத் தேறியது.

சாறு சிந்தி அந்தப் பக்கம் போகிறதோ என்று இரண்டாம் கூண்டைத் தனி அறைக்கு மாற்றினான். எலிக்கூடத்தைக் கழுவிப் பெருக்கும் சுடலைமாடத்தி ஒரு கை பிடித்தாள்.

“இதுகளை மட்டும் எதுக்கு சாரே தள்ளி வைக்கிய?”

“இதுகளுக்கு மருந்து கெடையாதுக்கா.”

“இப்பவும் கெடையாதா? அய்யோ பாவம்!”

தனி அறையில் எலிகள் கொழுகொழுவென்று ஆயின. பட்டாபி தண்ணீரையே பரிசோதனைக்கு அனுப்பினான். தண்ணீரில் தண்ணீர்தான் இருந்தது.

“வெள்ளிக்கிழமை கமிட்டி,” என்றார் ஜானவி. “அதுக்குள்ள காரணம் கெடைக்கலேன்னா டாக்டர் பட்டத்தை மறந்துடணும், கேட்டோ?”

வியாழன் மத்தியானம் கூண்டின் முன்னால் அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். சுடலைமாடத்தி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள்.

“மொகம் ஏன் சாரே வாடிக் கெடக்கு?”

“இந்தக் கூண்டுக்கு ஏன் ஒடம்பு சரியாறதுன்னே புரியலைக்கா.”

அவள் பாத்திரத்தைத் திறந்தாள். எலிகள் எல்லாம் ஒன்றாகக் கம்பியருகே ஓடிவந்தன.

“ஓரவஞ்சனை பண்ணலாமா சாரே? அதுகளுக்கு நீங்க ஸ்பிரிட்டுல ஊறப்போட்டுக் குடுக்கிய, இதுகளுக்கு நான் வேலியோரத்து மூக்கரட்டையைத் தேங்காப் போட்டு அவிச்சுக் குடுக்கேன். நீங்க அளவைக் கூட்டுனப்ப நானும் கூட்டிட்டேன்!”