ரெண்டாம் மிதி

"மிதிக்கிறதுன்னா வேற ஆளப் பாருங்க தம்பி. நான் எந்திரிக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, வில்லனின் வலதுகையாக நடிக்க வந்த பேயாண்டி கருவேல மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து, பின்னால் நின்ற பத்தொன்பது அடியாட்களும் உட்கார்ந்தார்கள். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய இருபது அரிவாள்களும் கண்மாய்த் தரையில் கிடந்தன.

இயக்குநர் அருள்பாண்டி மணி பார்த்தான். பதினொன்று. வெளிச்சம் போவதற்குள் இருபது பேரும் மிதி வாங்கியாக வேண்டும்.

பத்து வருஷம் அடுத்தவர் படத்துக்கு கிளாப் அடித்தவன் அவன். 'ஒரே மிதி' என்று ஒரு சண்டைப் படம் மதுரை வட்டாரத்தில் ஐம்பது நாள் ஓடியது. அதில் ஹீரோ படம் முழுக்கப் பொறுமையாக இருந்து கடைசியில் ஒரே ஒரு மிதி மிதிப்பார். அந்த ஒரு மிதிக்காக ஜனங்கள் இரண்டரை மணி நேரம் கொட்டகையில் காத்துக் கிடந்தார்கள். இப்போது அந்த ஹீரோ இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டதால், கதையில் அவருக்கு மகளாக வருபவள் கிளம்பி வந்து வில்லனின் ஆட்கள் இருபது பேரையும் மிதிக்கிற கதையாக இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு இயக்குநராகத்தான் அருள்பாண்டிக்கு முதல் வாய்ப்பு. அவன் மனைவி தாமரைச்செல்வி வில்லாபுரத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாமனார் வீட்டில் அவனுக்கு இப்போதுதான் முதல்முறையாக நாற்காலி போட்டார்கள்.

ஆனால் படப்பிடிப்பு தொடங்கி எட்டு நாளில் ஒரு மிதிகூட விழவில்லை. முதல் நாலு நாள் மழை. அடுத்த மூன்று நாள், சென்னையிலிருந்து வரவேண்டிய சண்டைக்காரர்களுக்காகக் காத்திருந்தது. எட்டாம் நாள், அவர்கள் வேறு படத்துக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டது. செங்கல் சூளை முதலாளியும் படத்தின் தயாரிப்பாளருமான முத்திருளன் நேற்று போனில் கொஞ்சமும் சத்தம் போடாமல் பேசினார். அவர் சத்தம் போடாமல் பேசினால்தான் பயம்.

"அருளு, நாளைக்கு வெளிச்சம் போறதுக்குள்ள கிளைமாக்ஸ் முடியணும். முடியலன்னா படத்த வேற ஆளு கையில குடுத்துருவேன். காலையில புதுப்பொண்ணு வந்துரும்."

புதுப்பொண்ணின் பெயர் ஆர்த்திகா என்றும் சொல்லி, ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். போட்டோவில் அந்தப் பெண் கேமராவைப் பார்த்துக் காலை நீட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் நன்றாகத் தெரிந்தது. முகம் அதற்குப் பின்னால் இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு நாகமலைப் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தோளில் பை, கையில் ஒரு ஃபைல்.

"அருள்பாண்டி அண்ணன் யாருங்க? முத்திருளன் சார் அனுப்புனாங்க."

"வாம்மா, வா வா! ஏற்கனவே லேட்டு. ஆர்த்திகாதானே?"

"இல்லண்ணே, என் பேரு..."

"பேரு கெடக்கு. சினிமாவுக்கு எந்தப் பேரு வேணும்னாலும் வச்சுக்கலாம். மிதிக்கத் தெரியுமா?"

"தெரியும்ணே. காலேஜ்ல கராத்தே பிளாக் பெல்ட். ஆனா நான் வந்த விஷயம் என்னன்னா..."

"அது போதும்மா! மத்ததெல்லாம் சாயந்தரம் பேசிக்கலாம். டேய் சிவபாண்டி, தங்கச்சிக்கு டிரெஸ்ஸக் குடு!"

உதவியாளன் சிவபாண்டி கறுப்பு உடையையும் சிவப்புக் கச்சையையும் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பெண் உடையைப் பார்த்தாள். சும்மா நின்ற கேமராவைப் பார்த்தாள். மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இருபது பேரையும் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டு உடையை வாங்கிக்கொண்டாள்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வினை பேயாண்டி வாயிலிருந்து வந்தது. அந்த இருபது பேரும் சென்னைக்காரர்களுக்குப் பதிலாகச் சிவபாண்டி பக்கத்து ஊரிலிருந்து பிடித்து வந்த ஆட்கள். உடை மாற்றி வந்த பெண்ணிடம் பேயாண்டி, தன்னை மிதிக்கப்போகிறவள் என்ற மரியாதையில், ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"யாரு மக தாயி நீயி?"

"டி. கல்லுப்பட்டி கண்ணுச்சாமி மகளுங்கய்யா."

"எந்தக் கண்ணுச்சாமி? ஒங்க தாத்தா பேரு என்ன?"

"ஆண்டிச்சாமி."

பேயாண்டி கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டார். "ஏப்பா, நம்ம ஆண்டிச்சாமிப் பெரியப்பன் பேத்திப்பா இது! நம்ம ஊர்லயிருந்து பொழைக்கப் போன குடும்பம்ல! நமக்குப் பங்காளி வீட்டுப் புள்ள!"

அவ்வளவுதான். இருபது பேரும் அவளைச் சுற்றி நின்று உறவு கணக்கிட்டார்கள். அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. ஒன்பது பேர் அண்ணன் முறை. எட்டு பேர் பெரியப்பா, சித்தப்பா முறை. அந்த ஊரில் பெண் எடுத்து வீட்டோடு தங்கிவிட்ட மூன்று பேர் மாமன் முறை. இந்த வம்ச விசாரணையில் அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா வளர்த்த காளையின் பெயர்வரை வெளியே வந்தது.

"பெரியப்பன் மேல கால் படலாமா? புள்ளைக்குத்தான் பாவம் சேரும்" என்றார் பேயாண்டி.

"ஐயா, இது நடிப்புங்கய்யா" என்றான் அருள்பாண்டி, கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

"நடிப்புதான். ஆனா காலு அது காலுதானே?"

அருள்பாண்டி மறுபடியும் மணி பார்த்தான். சிவபாண்டிதான் காதருகே வந்தான். "அண்ணே, மாமன் முறையில மூணு பேரு இருக்காங்கல்ல? முறைப்பொண்ணு மிதிச்சா அவங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. திருவிழாவுல மஞ்சத்தண்ணி ஊத்துற மாதிரிதான். அந்த மூணு பேரையே சட்டைய மாத்தி மாத்தி மிதிக்க விட்ருவோம்."

அந்த மூன்று பேருக்கும் சம்மதம் மட்டுமல்ல, ஆனந்தம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒளிப்பதிவாளர் பாண்டிராஜ் கேமராவை ஓட்டினார். அந்தப் பெண் எம்பி ஒரு மிதி மிதித்தாள். உண்மையிலேயே நல்ல மிதி. முதல் மாமன் ஆறடி தள்ளிப் போய் விழுந்து எழுந்து, சட்டையை மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசியில் வந்து நின்றார்.

"யோவ், அடி வாங்குனா வலிக்கணும்யா! ஏன்யா பல்லக் காட்டுற?" என்று கத்தினான் அருள்பாண்டி.

"வலிக்கலயே தம்பி. நம்ம புள்ளதான!"

நாலாவது மிதிக்குள் சேதி ஊருக்குள் போய்விட்டது. மூன்று மாமன்களின் மனைவிமாரும் கண்மாய்க்கரை ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் அழகம்மாள்.

"வீட்ல ஒரு கொடம் தண்ணி தூக்க இடுப்பு வலிக்குதும்பீக! இங்கன மொறைப்பொண்ணுகிட்ட வரிசையில நின்னு மிதி வாங்குறீகளோ? வாங்க வீட்டுக்கு. நான் மிதிக்கிறேன்!"

மூன்று மாமன்களும் முகத்தில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். மணி ஒன்று.

அருள்பாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அந்தப் பெண்தான் அருகில் வந்தாள்.

"அண்ணே, பெரியப்பா மேல காலு பட்டா பாவம்னுதானே சொல்றாக? மொதல்ல கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு, மன்னிப்பும் கேட்டுட்டு மிதிச்சா?"

பேயாண்டி யோசித்தார். பெரியப்பா, சித்தப்பா முறைக்காரர்கள் எட்டுப் பேரும் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். சாப்பாடு முடிந்தபின் தீர்ப்பு வந்தது. சம்மதம். ஆனால் காலில் விழுகிற பெண்பிள்ளைக்கு வெறும் கையால் ஆசீர்வாதம் செய்யக் கூடாது என்று திருநீறு கேட்டார்கள். கேமரா பூஜையில் மிச்சமிருந்த திருநீற்றைச் சிவபாண்டி எடுத்து நீட்டினான்.

"ஆக்ஷன்!"

பேயாண்டி அரிவாளை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்தப் பெண் அவர் காலில் விழுந்தாள். பேயாண்டி அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திருநீறு பூசி, "நூறு வருசம் நல்லாயிரு தாயி" என்றார். அவள் எழுந்து, "மன்னிச்சிருங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு மிதித்தாள். அவர் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "கண்ணுச்சாமி புள்ளய என்னமா வளத்திருக்கான்!" என்று கண்ணைத் துடைத்தார்.

"இத படத்துல பாத்தா ஜனங்க என்னண்ணே நெனப்பாங்க?" என்று கேட்டார் பாண்டிராஜ்.

"கால்ல விழுகுறத வெட்டித் தூக்கிருவோம்யா. நீ ஓட்டு!" என்றான் அருள்பாண்டி.

ஆனால் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருமுன் அழுது முடிக்க வேண்டியிருந்தது. மூன்று பேரை மிதிப்பதற்குள் மணி மூன்றரை. நாலாவதாக வந்த சித்தப்பா முறைக்காரர் கொஞ்சம் நடிப்பு ஆர்வம் உள்ளவர். "ஏய்! ஒன்னைய உயிரோட விட மாட்டேன்டி!" என்று சொந்தமாக ஒரு வசனம் பேசி அரிவாளை ஓங்கிவிட்டார்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒன்பது அண்ணன்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"யாரப் பாத்து 'டி' போட்டுப் பேசுற? நாங்க ஒம்போது பேரு இங்கன உசுரோட இருக்கயிலயா?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான சண்டை. அட்டை அரிவாளெல்லாம் முதல் நிமிடத்திலேயே கிழிந்துபோனது. ஒன்பது அண்ணன்களும் எட்டுப் பெரியப்பா சித்தப்பாக்களும் கண்மாய் முழுக்க உருண்டார்கள். இதில் எப்போதோ வெட்டிய ஒரு வரப்பு விவகாரமும் வந்து சேர்ந்துகொண்டது. பாண்டிராஜ் மெய்ம்மறந்து படம்பிடித்தார்.

"பிரமாதம்ணே! சினிமா வரலாற்றுலயே இப்பிடிச் சண்ட வந்ததில்ல!"

"எல்லாஞ் சரிடா! ஹீரோயின் எங்கடா?"

ஹீரோயின் நடுவில் நின்று, "பெரியப்பா, விடுங்க! அண்ணே, வேண்டாம்ணே!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்மாயிலேயே சண்டை போடாத ஒரே ஆள் அவள்தான்.

நாலரை மணிக்குப் பதினேழு பேரும் சட்டை கிழிந்து ஊருக்குள் போனார்கள், பஞ்சாயத்துப் பேச. கண்மாயில் ஓர் அடியாளும் இல்லை. அருள்பாண்டிக்கு வில்லாபுரம் தெரு கண்முன் வந்தது. மாமனார் வீட்டு நாற்காலியை யாரோ உள்ளே எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. அழுகை வந்தது.

"முடிஞ்சதுடா சிவபாண்டி. என் படம் போச்சுடா."

"ஏண்ணே, நீங்க எனக்கு என்ன முறை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான் வில்லாபுரம்மா. ஒரு முறையும் கெடையாது."

"அப்ப நீங்க ஒராளு போதும். முகத்துல துண்டக் கட்டுங்க. மாத்துச் சட்ட இருபது இருக்குல்ல?"

அருள்பாண்டி நிமிர்ந்தான். அந்தக் கணத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. துண்டைக் கட்டினான்.

முதல் மிதி நெஞ்சில் விழுந்தது. சிரித்துக்கொண்டே எழுந்த மாமன்களைப் பற்றி அவனுக்கு அப்போதுதான் பெரிய மரியாதை வந்தது.

"அண்ணே, விழுகுறது பத்தல. இன்னும் ரெண்டடி தள்ளிப் போய் விழுங்க" என்றாள் அவள். "பாண்டிராஜ் அண்ணே, கேமராவத் தரையில வைங்க. கீழயிருந்து பாத்தாத்தான் மிதி பெருசாத் தெரியும். சிவபாண்டி, புழுதியக் கெளப்பு."

பாண்டிராஜ் கேமராவைத் தரையில் வைத்தார். சிவபாண்டி ஓடி ஓடிப் புழுதி கிளப்பினான். அருள்பாண்டி சட்டை மாற்றினான், அரிவாளுக்குப் பதில் கருவேலங்கம்பைத் தூக்கினான், ஓடினான், விழுந்தான். ஏழாவது ஆளாக முள்ளில் விழுந்தான். பதினொன்றாவது ஆளாகச் சகதியில் விழுந்தான். பதினாலாவது மிதி அவனுக்கே நன்றாக வந்ததுபோல் தோன்றியது, ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"இன்னொண்ணு போவோம். மூஞ்சியில பயம் வரல."

"துண்டுதான கட்டியிருக்கேன்?"

"கண்ணு தெரியுதுல்லண்ணே. கண்ணுல வரணும்."

அடுத்த மிதியில் கண்ணில் வந்துவிட்டது. புதுமுகத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று நொண்டிக்கொண்டே வியந்தான் அருள்பாண்டி. நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்க இறங்க, இருபதாவது அடியாள் காற்றில் பறந்து புழுதியில் புரண்டான். கண்மாய் முழுக்கச் செக்கச் செவேலென்று வெளிச்சம். அவள் நடுவில் நின்று கச்சையை இறுக்கினாள்.

"கட்! ஓகே!" என்றாள் அவளே.

அருள்பாண்டி தரையில் கிடந்தபடியே அழுதான். இந்த முறை சந்தோஷத்தில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து முத்திருளனுக்குப் போன் போட்டான்.

"முதலாளி! முடிச்சாச்சு! இருபது மிதியும் எடுத்தாச்சு!"

"தெரியும் அருளு. பாண்டிராஜு அனுப்புனான், பாத்தேன். நான் நெனச்சதவிட நல்லா வந்திருக்கு. அந்தப் புள்ள கெட்டிக்காரிய்யா!"

"ஆமா முதலாளி, தங்கம்! படம் முழுக்க இப்பிடித்தான் எடுக்கப் போறோம்!"

"சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி முத்திருளன் போனை வைத்தார். முதலாளி உடம்பைப் பற்றி விசாரித்தது இதுதான் முதல் தடவை என்று அருள்பாண்டிக்குப் புல்லரித்தது.

அவன் அந்தப் பெண்ணிடம் நொண்டிக்கொண்டே போனான். "தாயி, நீ இல்லன்னா இன்னைக்கு என் படம் என் கையவிட்டுப் போயிருக்கும். காலையிலயிருந்து ஏதோ சொல்லணும் சொல்லணும்னியே. சொல்லும்மா, என்ன விஷயம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது வந்துண்ணே... எப்பிடிச் சொல்றதுன்னு..."

அதற்குள் கண்மாய்க்கரையில் முத்திருளனின் செங்கல் சூளை வேன் வந்து நின்றது. டிரைவர் கருப்பு இறங்கினான். பின்னாலேயே, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினாள். கருப்பு கண்மாயைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, தலைகுனிந்து நின்றவளைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டான்.

"இசைவாணி மேடம்! கோரிப்பாளையத்துல காலையிலயிருந்து நின்னுக்கிட்டிருந்த ஹீரோயினக் கூட்டியாந்துட்டேன். திரும்புறப்ப பழைய டைரக்டர ஏத்திக்கிட்டு வரச் சொன்னாரு முதலாளி. இதுல அவரு யாரு?"