புள்ளிக் கோட்டில் கிழிக்கவும்

சர்வேயருக்குக் கோடு என்றால் உயிர். நிலத்தை அளந்து, கோடு போட்டு, இது உன் பக்கம், அது அவன் பக்கம் என்று பிரித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். அவர் மனைவி பல் டாக்டர். அவருக்குச் சொத்து, அம்மணிக்குச் சொத்தை. இரண்டு பேருக்கும் வேலைக்குக் குறைவில்லை, வீட்டில் சண்டைக்கும் பெரிதாக இடமில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்து சேரும் வரைக்கும்.

பாக்கெட்டின் கழுத்தில் ஒரு சிவப்பு நாடா. பக்கத்திலேயே 'இங்கே இழுக்கவும்' என்று எழுதியிருந்தது. சர்வேயர் இழுத்தார். நாடா மட்டும் கையோடு வந்தது. பாக்கெட் அசையவில்லை. நகத்தால் சுரண்டினார், திருகினார், வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிய்த்தார். அது ஒருவழியாகப் பிளந்தபோது பிஸ்கட்டில் பாதி சோபாவுக்கு அடியில் போய்விட்டது, மீதி தூளாகிவிட்டது. அம்மணி ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினாள்.

அந்த மௌனம்தான் அவரைச் சீண்டியது. தயாரித்தவன் மெனக்கெட்டு ஒரு கோடு போட்டிருக்கிறான், அதை மதிக்காமல் கண்ட இடத்தில் வெட்டுவது பக்கத்து மனைக்குள் புகுந்து வேலி போடுவதற்குச் சமம் என்று பேச ஆரம்பித்தார். பொறுமையாகச் சொன்னபடி செய்தால் திறக்காத பாக்கெட்டே உலகத்தில் இல்லையாம். இந்தக் கோடுகளைப் போட்டவர்கள் ஜென்மத்தில் ஒரு பாக்கெட்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், உங்கள் வாதம் சொத்தை, பிடுங்கத்தான் வேண்டும் என்றாள் அம்மணி.

வாதம் பந்தயத்தில் போய் முடிந்தது. மாதக் கடைசி வரைக்கும் வீட்டுக்கு வரும் எல்லாப் பாக்கெட்டையும் அவர்தான் திறக்க வேண்டும். அதுவும் எழுதியிருக்கிறபடி, வெறும் விரலால். கத்தரிக்கோல் கூடாது, கத்தி கூடாது. தோற்றவர் ஒரு வருஷத்துக்குக் காலையில் முதலில் எழுந்து காபி போட வேண்டும்.

"முக்கியமா பல்லு கூடாது. இதை மட்டும் டாக்டரா சொல்றேன்," என்றாள் அம்மணி.

முதல் பலி சாஸ் பொட்டலம். 'எந்த மூலையிலும் கிழிக்கலாம்' என்று போட்டிருந்தது. மூன்று மூலைகள் முரண்டு பிடித்தன. நாலாவது மூலை தேவைக்கு மேல் பணிந்து போனது. நெஞ்சில் சிவப்புக் கறையோடு அவர் வேலைக்குப் போய் இறங்கியதும், எல்லைத் தகராறில் கட்டிப் புரள இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவரைப் பார்த்துப் பதறி அங்கேயே சமாதானம் ஆகிவிட்டார்கள்.

அடுத்தது ஷாம்பு. குளியலறையில், ஈரக் கையோடு. அது வழுக்கி வழுக்கி அவரைச் சுற்றி ஓடியது. அவர் தலை நனைந்து காய்ந்தும் விட்டது. இன்னொரு நாள் கரண்ட் போனது. டார்ச்சுக்கு பேட்டரி இருந்தது, கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள். வெளிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு சர்வேயர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். தலைவலி மாத்திரை அட்டையோடு மல்லுக்கு நின்றதில் தலைவலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். மாத்திரை துள்ளிக் குதித்து பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

அம்மணி துடைத்தாள், பெருக்கினாள், சிரித்தாள். சர்வேயருக்கு நகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப் பிடித்தார்.

மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அவசரமாக ஒரு நோயாளி வருகிறார் என்று அம்மணி கிளினிக்குக்குக் கிளம்பினாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு முந்திரிப் பாக்கெட் இருந்தது. முந்திரி என்றால் சர்வேயர் வழுக்கி விழுவார். பக்கத்திலேயே கத்தரிக்கோலும் இருந்தது.

'எளிதில் திறக்கலாம்' என்றது பாக்கெட். இழுத்தார். வேட்டி நுனியால் பிடித்து இழுத்தார். முழங்காலுக்கு நடுவே வைத்து இழுத்தார். கீழே போட்டு மேலே உட்கார்ந்தும் பார்த்தார். பாக்கெட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக முந்திரிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கத்தரிக்கோலைப் பார்த்தார். வெட்டினால் விளிம்பு நேராக இருக்கும், அம்மணி கண்டுபிடித்துவிடுவாள். பல்லால் கிழித்தால் கையால் கிழித்த மாதிரியேதான் இருக்கும். திரைச்சீலையை இழுத்து விட்டார். பாக்கெட்டின் மூலையை முன்பல்லில் கவ்வி, கண்ணை மூடி, ஒரே இழுப்பு.

டக்கென்று ஒரு சத்தம். ஆசையோடு கண்ணைத் திறந்தார். பாக்கெட் அப்படியே இருந்தது. கண்ணாடியில் போய்ப் பார்த்தால், மேல்வரிசை நடுப்பல்லில் ஒரு முக்கோண மனை காணாமல் போயிருந்தது.

பல் டாக்டரிடம் உடைந்த பல்லை மறைப்பது எப்படி? வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. அன்று ஒரு பொழுது ஓடிவிட்டால் போதும், பந்தயம் முடிந்துவிடும். பிறகு எதையாவது சொல்லிக்கொள்ளலாம். அம்மணி திரும்பி வந்தபோது சர்வேயர் கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினார். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டினார். டீயை ஓரமாக உறிஞ்சினார்.

அம்மணி முந்திரிப் பாக்கெட்டை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா ஒண்ணைக்கூட நீங்க வெட்டலை. நான் தோத்துட்டேங்க. நாளையிலேருந்து நான்தான் காபி."

கல்யாணம் ஆன நாளாகத் 'தோத்துட்டேன்' என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. சர்வேயருக்கு நெஞ்சு விம்மியது. முகம் மலர்ந்தது. வாய் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக விரிந்தது.

"உங்க கொள்கை பல்லை இளிச்சிடுச்சே," என்றாள் அம்மணி.

அரை மணி நேரத்தில் சர்வேயர் அவளுடைய கிளினிக் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். உதடு மரத்துப்போயிருந்தது. இரண்டு கன்னத்திலும் பஞ்சு. அம்மணி பசையை வைத்து, பல்லைக் கட்டி, தேய்த்து, வழித்துக்கொண்டே சாவகாசமாக விஷயத்தைச் சொன்னாள். கருவிகளைச் சுத்தம் செய்து உறைக்குள் போட்டு, சூடு வைத்து ஒட்டுகிற மெஷின் ஒன்று கிளினிக்கில் இருக்கிறது. முந்திரிப் பாக்கெட்டை நேற்று இங்கே கொண்டுவந்து, அதன் வாயை அந்த மெஷினில் இரண்டு தடவை விட்டு எடுத்திருக்கிறாள். அவர் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார் என்று நினைத்து அதைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாளாம். ஒரு பல் டாக்டர் புருஷன் பல்லை வைப்பார் என்று கனவிலும் எண்ணவில்லையாம். அதற்கு மட்டும் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கோபித்துக்கொள்வாளாம்.

சர்வேயர் துள்ளி எழப் பார்த்தார். "இழு மோழழி," என்று பஞ்சுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த பாஷை அம்மணிக்குத் தொழில் பழக்கம்.

"மோசடி எல்லாம் இல்லைங்க. எப்படித் திறக்கணும்னுதான் நாம பேசினோம். எப்படி மூடணும்னு யாரும் பேசலை," என்று சொல்லிப் பஞ்சை எடுத்தாள். "இப்ப வாயை மூடுங்க. கடி சரியா இருக்கான்னு பார்க்கணும்."

சர்வேயர் வாயை மூடினார்.