மாப்பிள்ளை சட்டையில் ஒரு ஜாமூன்

சொந்தக்காரர்கள் வீட்டுப் பண்டிகைக்கு நான் விருந்தாளியாகப் போனதே இல்லை. ரெய்டுக்குப் போகும் இன்ஸ்பெக்டராகத்தான் போயிருக்கிறேன். காரணம், என் மகள் நிலா. கோதுமை, மைதா, ரவை எதுவும் அவள் குடலுக்கு ஆகாது. துணுக்கு போனாலும் வலியில் சுருண்டுவிடுவாள். டாக்டர் சொன்ன நாளோடு எங்கள் வீட்டில் சப்பாத்திக்கட்டை பரணேறியது. ஆனாலும் வலி முழுசாக விட்டபாடில்லை. (வெளியே யாரோ எதையோ கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்பது என் தீர்மானம்.)

அந்தத் தீபாவளி, பெங்களூர் பொம்மனஹள்ளியில் என் நாத்தனார் வசந்தி வீட்டில். நிலாவுக்கென்று தனி சாம்பார், தனிப் பொரியல், தனிக் கரண்டி என்று தூக்கோடு போய் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், முன்னால் ஓடிய நிலாவின் வாயில் குலாப் ஜாமூன்! ஜாமூன் என்றால் மைதாவாயிற்றே!

"துப்புடி!"

பயந்துபோன குழந்தை பலமாகவே துப்பியது. எதிரே, புது வெள்ளைச் சட்டையில், வசந்தியின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

ஜீரா அவர் சட்டையில் நிதானமாக இறங்கியது.

"இருக்கட்டும்க்கா, ஸ்வல்ப ஜீராதானே" என்றார், பாவம்.

வசந்தி விடவில்லை. "அண்ணி, அது கோவாவும் கார்ன்ஃப்ளோரும். மைதா ஒரு சிட்டிகை கிடையாது. இவளுக்குன்னே புது வாணலி, புது எண்ணெய். ஒரு வாரமா இந்த வீட்ல யாருக்கும் சப்பாத்தி இல்ல, தெரியுமா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். (பெங்களூரில் மெட்ரோவுக்குத் தோண்டினால்தான் பிளக்கும்.)

"அது சரி, உங்க சாம்பார்ல என்ன பெருங்காயம்?"

"எப்பவும் போடற தூள்தான்."

அதே தூள் டப்பா ஒன்றை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். "பின்னாடி படிங்க. நானும் நேத்து ரசம் வைக்கறப்பதான் பாத்தேன். இன்னிக்குச் சமையல்ல எதுலயும் போடல."

படித்தேன். பெருங்காயத்தோடு கோதுமை மாவு!

ஆக, குற்றவாளி வெளியே இல்லை. தினம் தினம் தாளித்தது நானேதான்.

என் தூக்கு மூடியபடியே வாசலுக்குப் போனது. நிலா முதல்முறையாக எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிட்டதையே சாப்பிட்டாள். "இன்னொரு ஜாமூன்" என்று என்னிடம் கேட்கவில்லை; அத்தையிடம் கேட்டாள். அந்தத் தூளை நிறுத்தியபின் வலியும் நின்றது. எனக்குத்தான் இன்னமும் பெருங்காய வாசம் பட்டால் டப்பாவைத் தேடிப் பின்பக்கம் படிக்கத் தோன்றுகிறது.

மாப்பிள்ளையோ, ஒவ்வொரு தீபாவளிக்கும் நிலா ஜாமூனைக் கையில் எடுத்ததும், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறார். அவள் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் கழற்றுவார்.