சிவப்புப் பட்டுக் கத்தி

அமரர் ஆழ்வாப்பிள்ளை ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான கிரிக்கெட் போட்டிகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வயற்கரை மைதானத்தில் நடந்தன. சனம் என்றால் அப்படிச் சனம்! இணுவிலிலிருந்து வந்தார்கள், உடுவிலிலிருந்து வந்தார்கள், தெல்லிப்பழையிலிருந்து வான் பிடித்தும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்க்க வந்தது பந்தை அல்ல, தேசிக்காயை.

மேற்கு மூலையில் வேப்பமரத்தடியில் நீலத் தறப்பாள் பந்தல். அதற்குள்ளே தேசிக்காய்ச் சாமி வீற்றிருந்தார். மொட்டைத் தலை, நெற்றி நிறையத் திருநீறு, முன்னால் ஒரு பித்தளைத் தட்டு, தட்டில் இரண்டு கத்திகள். ஒன்றின் பிடியில் மஞ்சள் பட்டு, மற்றதன் பிடியில் சிவப்புப் பட்டு. விளையாட்டுக்காரனின் பேரைச் சொல்லி ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, மஞ்சள் கத்தியால் வெட்டுவார். சில பேரின் முகத்தைப் பார்த்து, கண்ணை மூடி, "இதுக்கை என்னவோ கிடக்கு" என்பார். பிறகு சிவப்புக் கத்தி. அது வெட்டினால் தேசிக்காயிலிருந்து இரத்தம் வடியும். சும்மா இல்லை, சிவக்கச் சிவக்க வடியும். ஆஸ்பத்திரியிலும் சாதாரணச் சோதனை, ஆழமான சோதனை என்று இரண்டு இருக்கிறதுதானே என்று சனம் தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டது.

இரத்தம் வந்தால் செய்வினை. செய்வினை என்றால் அதை நீக்கக் கழிப்புக் கழிக்க வேண்டும். கழிப்புக்குத் தட்சணையும் ஒரு சேவலும். சேவலின் ஆவி அம்மனுக்கு. இறைச்சி எங்கே போனது என்று கேட்பது மரியாதை இல்லை.

இவரைக் கூட்டிவந்தவன் வயற்கரை விளையாட்டுக் கழகத்தின் அணித்தலைவன் ஜெயதீபன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், நல்ல பிள்ளை. போன வருடம் கழகம் ஆறு போட்டி விளையாடி ஆறிலும் தோற்றது. ஏன் என்று பொதுக்கூட்டம் வைத்து ஆராய்ந்தார்கள். பயிற்சிக்கு ஒருத்தரும் வருவதில்லை என்று ஒருவர் எழும்பிச் சொன்னார். அவரை இருத்திவிட்டார்கள். கைக்கு வந்த பிடியையெல்லாம் விட்டோம் என்று இன்னொருவர் சொன்னார். அவரையும் இருத்திவிட்டார்கள். "ஆரோ செய்துபோட்டாங்கள்" என்று மூன்றாமவர் சொன்னதும் கைதட்டு நிற்கவில்லை. பிழை தங்களிடம் இல்லை என்று கேட்க எவருக்குத்தான் கசக்கும்?

சாமியின் பந்தலுக்குப் பக்கத்திலேயே அற்புதராணியின் தேசிக்காய்த் தண்ணி மேசை. ஒரு வாளி தண்ணீர், சீனி, உப்பு, கிளாஸ் கழுவச் சவுக்காரம், கடகம் நிறையத் தேசிக்காய். சனிக்கிழமை முழுக்க அவள் வெட்டினாள், சாமியும் வெட்டினார். அவளுடையது ஒன்றும் இரத்தம் சிந்தவில்லை. அதை அவள் யோசிக்கவுமில்லை. சாமியின் கை எங்கே, தன் கை எங்கே!

அவளுடைய மகன் கீர்த்திகன்தான் வயற்கரையின் இடதுகை வேகப்பந்து வீச்சாளன். பத்தொன்பது வயது. மற்றவர்கள் சாமியிடம் வரிசையில் நின்றபோது அவன் மூலையில் ஒற்றை விக்கெட்டை நட்டுவிட்டுப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரண்டு போட்டியிலும் சேர்த்து ஏழு விக்கெட் எடுத்தான். கழகம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எல்லாம் சாமியின் அருள் என்றார்கள்.

வரிசைக்கு வராதவனைச் சாமி கவனிக்காமல் இருப்பாரா? அன்று பின்னேரம் இறுதிப் போட்டிக்கான பதினொரு பேரின் பேரிலும் தேசிக்காய் வெட்டினார். கீர்த்திகனின் பேருக்குச் சிவப்புக் கத்தியை எடுத்தார்.

வடிந்தது.

"உவன் நாளைக்கு இறங்கினால் கிண்ணம் கவிழும்" என்றார் சாமி.

அற்புதராணி வீட்டுக்கு ஓடினாள். தன்னிடம் இருந்த ஒரே சேவலைப் பிடித்து வந்து சாமியின் காலடியில் வைத்தாள். "சாமி, நாளைக்கு மாவட்ட அணிக்குப் பொடியளைத் தெரிவு செய்ய ஆள் வருகுதாம். இந்த ஒரு நாள் என்ரை பிள்ளை விளையாடினால் போதும். எப்பிடியாவது கழிச்சு விடுங்கோ."

சாமி சேவலை வாங்கினார். கழிப்புப் பலிக்க நாற்பத்தொரு நாள் செல்லும் என்றார். ஜெயதீபன் பட்டியலில் கீர்த்திகனின் பேரை வெட்டினான். கூட விளையாடுகிற பொடியன்கள் அவன் குடித்த போத்தலில் தண்ணீர் குடிக்கவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்டும் இல்லையம்மா" என்றான் கீர்த்திகன்.

"சாமி பொய் சொல்லுவாரே?" என்றாள் அற்புதராணி. சொன்ன பிறகு மகனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை. இறுதிப் போட்டிக்கு இன்னும் அரை மணித்தியாலம். சாமி முகம் கழுவப் புறப்பட்டவர், தட்டை அற்புதராணியின் மேசையில் வைத்தார். "பிள்ளை, இதை ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து நடுவர் நடராசா மாஸ்டர் வந்தார்.

"தொண்டை வறளுது பிள்ளை. தேசிக்காய்த் தண்ணி ஒண்டு தாரும்."

"ஓம் மாஸ்டர், இந்தாங்கோ."

அவளுடைய மனம் மகனிடம் இருந்தது. கை எட்டிய கத்தியை எடுத்துத் தேசிக்காயை வெட்டிப் பிழிந்தாள். கிளாஸுக்குள் இரத்தம் வடிந்தது.

அற்புதராணி பயந்து கிளாஸைத் தள்ளி வைத்தாள். ஐயோ, மாஸ்டருக்கும் செய்துபோட்டாங்களா? பிறகு நினைத்தாள்: மாஸ்டரின் பேரை நான் சொல்லவே இல்லையே. அப்போதுதான் கையில் இருப்பது சிவப்புப் பட்டுக் கத்தி என்று கண்டாள். அதே கடகத்திலிருந்து இன்னொன்றை எடுத்துத் தன்னுடைய கத்தியால் வெட்டினாள். வெறும் தேசிச்சாறு. பாதித் தேசிக்காயைச் சிவப்புக் கத்தியின் அலகில் தேய்த்துப் பார்த்தாள். விரலெல்லாம் சிவந்தது.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தலைமுழுக்குக்குச் செம்பருத்தி என்கிற செவ்வரத்தம்பூவை அரைத்து, அதில் தேசிக்காய் பிழிவாள். பிழிந்த உடனே கிண்ணம் முழுக்க இதே சிவப்புத்தான். செவ்வரத்தம்பூச் சாற்றைச் சாமி கத்தியில் பூசிக் காயவிட்டிருக்கிறார்! மொட்டைத் தலைச் சாமி எல்லாம் யோசித்தார், பெண்கள் தலை முழுகுவதை மட்டும் யோசிக்கவில்லை.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. சாமியிலும் கோபம், தன்னிலும் கோபம். வாளியை ஒரு கையில் தூக்கினாள். தட்டில் கத்திகளையும் தேசிக்காய்களையும் சவுக்காரத்தையும் வைத்து மறு கையில் எடுத்தாள். நேரே அறிவிப்பாளன் ஜெனிஸின் மேசைக்கு நடந்தாள். நடராசா மாஸ்டர் சிவந்த கிளாஸோடு பின்னால் வந்தார்.

"தம்பி, சாமியைக் கூப்பிடும். சனம் எல்லாம் பார்க்க ஒருக்கால் வெட்டவேணும்."

ஜெனிஸுக்குக் கதை கிடைத்தால் போதும். "அன்பான ரசிகர்களே! நேரலையில் கனடாவிலையும் லண்டனிலையும் பார்த்துக்கொண்டிருக்கிற உறவுகளே!" என்று ஒலிபெருக்கியில் தொடங்கிவிட்டான். கனடாவும் பார்க்கிறது என்றதும் சாமி ஈர முகத்தோடு விரைந்து வந்தார்.

"என்ரை மகன்ரை பேரிலை இன்னொருக்கால் வெட்டுங்கோ சாமி" என்றாள் அற்புதராணி.

சாமி சந்தோசமாக வெட்டினார். இரத்தம் வடிந்தது. சனம் "ஐயோ" என்றது. அவர் கத்தியைக் கீழே வைத்ததும் அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப மாஸ்டரின்ரை பேரிலை." வெட்டினாள். இரத்தம். ஒன்றிரண்டு வெட்டில் தீருகிற பூச்சா அது? சாமி தாராளமாகத்தான் பூசியிருந்தார்.

"இப்ப உங்கடை பேரிலை. பேரைச் சொல்லுங்கோ."

"சாமிக்குப் பேரில்லை!"

"அப்ப பேரில்லாமலே வெட்டுறன்." அதற்கும் இரத்தம்.

"ஐயோ, சாமிக்கே ஆரோ செய்துபோட்டாங்கள்!" என்று பின்னாலிருந்து ஒருவர் அலறினார். நம்புவது என்று வந்துவிட்டால் அரைகுறையாக நம்பக்கூடாது, பாருங்கள்.

அற்புதராணி கத்தியை வாளிக்குள் விட்டுச் சவுக்காரத்தை எடுத்தாள். சாமி பாய்ந்தார். "தொடாதை! மந்திரம் ஏத்தின கத்தி! தண்ணி படக்கூடாது!"

"தேசிக்காய்த் தண்ணி படலாம், கிணத்துத் தண்ணி படக்கூடாதோ?"

நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். வாளித் தண்ணீர் ஊதா நிறமானது. கத்தியைத் துடைத்து, "என்ரை மகன் கீர்த்திகன்" என்று உரத்துச் சொல்லி வெட்டினாள். இரண்டு பாதியையும் உயர்த்திப் பிடித்தாள். பச்சைத் தோல், வெள்ளைச் சுளை, தெளிந்த சாறு. ஒரு சொட்டுச் சிவப்பில்லை.

"பாருங்கோ! நாற்பத்தொரு நாளிலை போற செய்வினை, ஒரு துண்டுச் சவுக்காரத்திலை போயிட்டுது!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்: "அடியே, இது எங்கடை வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்கடி!" அதோடு சிரிப்பு வெடித்தது.

நடராசா மாஸ்டர் அணித்தலைவன் பக்கம் திரும்பினார். "ஜெயதீபன், நீர்தானே பிள்ளையளுக்கு அமிலமும் காரமும் படிப்பிக்கிறனீர்? உந்தப் பூச்சாற்றிலை அமிலம் பட்டால் என்ன நிறம்?"

"சிவப்பு, மாஸ்டர்" என்று ஜெயதீபன் தலையைக் குனிந்து தன்னுடைய சப்பாத்துக்குச் சொன்னான்.

சாமி நழுவப் பார்த்தார். அற்புதராணி மறித்தாள். "என்ரை சேவல் எங்கை?"

"அது... அம்மனிட்டைப் போயிட்டுது."

"அம்மன் குழம்பு வைச்சவவோ, பொரிச்சவவோ?"

சாமியின் மோட்டார் சைக்கிள் தெற்குப் பக்கமாகப் பறந்தது. தட்டு மட்டும் மிஞ்சியது. ஜெயதீபன் பட்டியலை எடுத்துக் கீர்த்திகனின் பேரைத் திரும்ப எழுதினான். அற்புதராணி மகனிடம் போனாள். "நேற்று நானும் உன்னை நம்பேல்லையடா. உவன்ரை கத்தியை நம்பினன். மன்னிச்சுக்கொள்."

"அதை விடுங்கோ அம்மா. தண்ணி ஒண்டு தாங்கோ, போகவேணும்" என்றான் கீர்த்திகன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடினான்.

நான்கு விக்கெட் எடுத்தான். மாவட்டத்திலிருந்து வந்தவர் அவனைக் கூப்பிட்டு, பேரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, அடுத்த கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னார்.

கிண்ணம் மட்டும் வரவில்லை. வயற்கரை ஆறு ஓட்டத்தால் தோற்றது. அவனுடைய பந்தில் வந்த மூன்று பிடியைக் கைவிட்டார்கள். அதில் இரண்டு ஜெயதீபன் விட்டது.

பின்னேரம் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்த அற்புதராணியிடம் ஜெயதீபன் மெல்ல வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சாமி போகேக்கை ஒருக்கால் திரும்பி மைதானத்தைப் பார்த்தவர். நான் கண்டனான். ஒருவேளை அதாலைதானோ தோத்தனாங்கள்?"

அற்புதராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மிச்சம் கிடந்த சவுக்காரத் துண்டை எடுத்து அவனுடைய கையில் வைத்தாள்.

"கத்தியைக் கழுவியாச்சுத் தம்பி. இதைக் கொண்டுபோய் மண்டைக்குள்ளை ஒருக்கால் போட்டுத் தேயும்."