அபுல் ஹஸன் கடையில் சொப்பின் பேக் இல்லை

கல்முனைக் கடைத்தெருவில் அபுல் ஹஸன் ஒரு சபதம் போட்டார். அதுவும் மைக் பிடித்துப் போட்டார். மைக் இல்லாமல் போட்டிருந்தால் மறுநாளே மறந்து தொலைத்திருக்கலாம்.

சுற்றாடல் சங்கத்துக்காரர்கள் கடைக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்து, சொப்பின் பேக் என்கிற பொலித்தீன் பையால் வரும் கேட்டை ஒரு மணித்தியாலம் சொன்னார்கள். வாய்க்கால் அடைக்கிறது, மாடு தின்று சாகிறது, கடற்கரையில் மீனை விடப் பைதான் கூடுதலாக ஒதுங்குகிறது. பத்து நாளைக்கு ஒரு சொப்பின் பேக்கும் கொடுக்காமல் வியாபாரம் செய்யும் கடைக்குக் கேடயம், மேடையில் மாலை, பத்திரிகையில் படம் என்று முடித்தார்கள். எதிர்க்கடை மிஹ்லார் தொண்டையைச் செருமினார். அவர் முந்திக்கொள்ளப் போகிறார் என்று அபுல் ஹஸன் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நாளையிலிருந்து என்ட கடையால ஒரு சொப்பின் பேக் வெளிக்கிட்டா, என்ன ஒருத்தரும் ஆம்புளையெண்டு கூப்புடாதீங்க!"

மண்டபம் கைதட்டியது. மிஹ்லார் செருமியது இன்னொரு தேத்தண்ணி கேட்கத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் பெண்சாதி நபீஸா கைதட்டவில்லை.

"சொப்பின் பேக் இல்லாட்டி சீனிய எதில கட்டிக் குடுப்பீங்க?"

"அதெல்லாம் யோசிச்சி வெச்சிரிக்கன்."

"எதில?"

"யோசிச்சி வெச்சிரிக்கன் எண்டு சொல்றன்தானே."

"அப்ப யோசிக்கல்ல." நபீஸா கறிச்சட்டியை இறக்கி வைத்தாள். "இஞ்ச பாருங்க, மெஷின் சும்மாதான் கிடக்கு. பிடவைத் துணிக்கு ஒரு வழி பாத்தா நான் துணிப்பை தைச்சித் தருவன்."

"துணிப்பையா! நான் நடத்துறது பலசரக்குக் கடை, தையல் கடையில்ல. கடதாசிப் பைதான் சரி. வியாபார விசயம் உனக்கு விளங்காது புள்ள."

நபீஸா ஒன்றும் பேசவில்லை. இந்தப் பதினெட்டு வருசத்தில் அவள் ஒன்றும் பேசாமல் இருந்த நேரமெல்லாம் அபுல் ஹஸனுக்குச் சேதம்தான் வந்திருக்கிறது. அதை நினைத்துப் பார்க்கும் நிலையில் அவர் அன்று இல்லை. கண்ணுக்குள் கேடயம் நின்றது.

கடையில் கிடந்த பழைய பேப்பர் மூன்று நாளில் முடிந்தது. ஊரில் பேப்பர் வாசிப்பவர்களை விடச் சீனி வாங்குபவர்கள் அதிகம் என்பதை அபுல் ஹஸன் கணக்கில் எடுக்கவில்லை. நாலாம் நாள் அவருக்கு நபீஸாவின் அலுமாரி ஞாபகம் வந்தது.

நபீஸாவின் தங்கச்சி சுபைறா ஜித்தாவில் வேலை செய்கிறாள். வருசா வருசம் கோப்பை, பீங்கான் என்று அனுப்புவாள். அவை உடையாமல் சுற்றி வரும் பேப்பரையெல்லாம் நபீஸா நீவி மடித்து அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஏழு வருசத்துப் பேப்பர், பெரிய கட்டு. ஏன் வைத்திருக்கிறாள் என்று அபுல் ஹஸன் ஒரு நாளும் கேட்டதில்லை. பொம்பிளைகள் எதைத்தான் வீசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கட்டைக் கிளப்பினார். வெற்றிடம் தெரியாமல் ஒரு பழைய தலகாணியை உள்ளே திணித்தார். மாப்பசை காய்ச்சி, கடையின் பின்பக்கம் இருந்து நூறு பை ஒட்டினார். ஒட்டி முடித்ததும் தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் அவசரத்தில் ஒன்றும் கவனிக்காமல் சாமானை வாங்கிப் போய்விட்டார்கள். சபியா உம்மா மட்டும் ஆறுதலாக வந்தார். கால் கிலோ கருவாடு கேட்டார். கட்டிக் கொடுத்த பையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! என்ன மகன் இது?"

"கடதாசிப் பை உம்மா. வெளிநாட்டுக் கடதாசி."

"அறபெழுத்துத்தானே கிடக்கு!"

"அது நியூஸ் பேப்பர் உம்மா. டயர் விளம்பரம். இந்தா டயர் படம்."

"இத உங்களுக்கு வாசிக்க ஏலுமா?"

"எழுத்துக் கூட்டுவன். கருத்து விளங்காது."

"அப்ப டயருக்குக் கீழ என்ன எழுதிரிக்கெண்டு எப்படித் தெரியும்?"

அபுல் ஹஸன் டயரைப் பார்த்தார். டயர் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கயாவது ஒரு மூலையில அல்லாஹ்ட பேர் இரிந்தா? அதில கருவாடு கட்டலாமா மகன்?" சபியா உம்மா கருவாட்டைச் சேலைத் தலைப்பில் கொட்டிக்கொண்டு, பையைத் துடைத்து, மேசையில் மெதுவாக வைத்தார். "கால் படாத இடமாப் பாத்து வைங்க."

அதோடு முடியவில்லை. முதலில் வாங்கிப் போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். குப்பையில் போட மனமில்லை, அடுப்பில் வைக்கப் பயம், கொடுத்தவரிடமே கொடுத்துவிட்டார்கள். தெருவில் ஒரு பையும் கிடக்கவில்லை. சுற்றாடல் சங்கம் கண்டால் அழுதிருக்கும். ஆனால் வந்த பையை வைக்கக் கடையில் உயரமான இடம் தீர்ந்துவிட்டது. பிஸ்கட் டின்களைக் கீழே இறக்கி, பைகளை மேல் தட்டில் ஏற்றினார். வீச அவருக்கும் மனம் வரவில்லை. அவரும் அதே ஊரில் ஓதி வளர்ந்தவர்தானே.

புதிதாக வந்தவர்கள், "என்னத்தில கொண்டு போற?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். மிஹ்லார் ஒரு தீப்பெட்டிக்கு இரண்டு சொப்பின் பேக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அபுல் ஹஸனின் கை ஒருமுறை மேசை லாச்சிக்குள் இருந்த பழைய சொப்பின் பேக் கட்டுவரை போனது. மைக் ஞாபகம் வந்தது. கை திரும்பி வந்தது.

பகலோடு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ட அலுமாரிக்குள்ள தலகாணி ஒண்டு கிடந்திச்சி," என்றாள் நபீஸா, தலை நிமிராமல். "ஆரு வெச்ச?"

அபுல் ஹஸன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அறபெழுத்த வீச மனமில்லாமத்தானே ஏழு வருசம் அடுக்கி வெச்சன். ஒரு சொல் கேட்டிரிந்தாச் சொல்லியிரிப்பன்."

"புள்ள, அத விடு. மானம் போகப் போகுது. நாளைக்குப் பை இல்லாட்டி நான் கடைத்தெருவில தலை காட்ட ஏலா."

நபீஸா காலால் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டாள். உள்ளே துணிப்பைகள். கட்டம் போட்டது, கோடு போட்டது, கரை வைத்தது. அபுல் ஹஸனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மருதமுனை நெசவுப் பிடவையெலா! எங்கால?"

"வீட்டில கிடந்த பிடவதான்."

"இவ்வளவு நல்ல பிடவ சும்மாவா கிடந்திச்சி?"

"ஓம். ஆளுக்கும் உதவாம, ஊருக்கும் உதவாமக் கிடந்திச்சி."

"அநியாயம் புள்ள! இன்னும் இரிக்கா?"

"இரிக்கி. வெட்டத்தான் யோசனையாக் கிடக்கு."

"என்ன யோசனை? எல்லாத்தையும் வெட்டு! ஒண்டும் மிச்சம் வைக்காத!"

"சொன்னது நீங்கதான்," என்று நபீஸா கத்திரிக்கோலை எடுத்தாள்.

பிறகென்ன, அபுல் ஹஸன் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பைக்காகவே சீனி வாங்கினார்கள். பையைக் கழுவிக் கொண்டு மறுபடி வந்தார்கள். மிஹ்லாரின் பெண்சாதிகூட ஆள் அனுப்பி ஒரு பை எடுப்பித்தாள். பத்தாம் நாள் சங்கத்தார் வந்து லாச்சி வரை கிளறி, பழைய கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மேடையில் மாலை விழுந்தது. கலியாணத்துக்குத் தைத்த களிசானை வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டு போயிருந்த அபுல் ஹஸன், கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்தார். சந்தோசமான சந்தோசம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் களிசானின் பொத்தானைக் கழற்றினார். வயிறு அல்ஹம்துலில்லாஹ் என்றது. வீட்டில் உடுக்கும் கைலிச் சாரன் இரண்டும் கொடியில் ஈரமாகக் கிடந்தன. இன்றைக்குப் புதுசு ஒன்று உடுத்தால்தான் என்ன என்று தன் அலுமாரியைத் திறந்தார். பெருநாளுக்குப் பெருநாள் வந்தது, மாமி வீட்டில் தந்தது என்று இருபத்தியிரண்டு சாரன். நல்ல நாளைக்கு உடுக்கலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தவை.

அலுமாரி வெறும் பலகையாக இருந்தது. மூலையில் ஒன்றே ஒன்று கிடந்தது.

"நபீஸா! என்ட சாரனெல்லாம் எங்க?"

"ஊருக்குள்ள போகுது. நீங்க என்ட அலுமாரியில கை வெச்சீங்க, நான் உங்கட அலுமாரியில கை வெச்சன்."

ஜன்னலால் பார்த்தார். நீலக் கட்டச் சாரனில் முருங்கைக்காயைப் போட்டுக்கொண்டு சபியா உம்மா போனார். போன ஹஜ்ஜுப் பெருநாள் சாரன் அது. களிசான் வேறு முழங்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சிய ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று அதை அவசரமாகத் தலைக்கு மேலால் போட்டு இழுத்தார்.

தலை மறுபக்கம் வரவில்லை. உள்ளே ஒரே இருட்டு.

"அதக் களட்டி வைங்க," வெளியே நபீஸாவின் குரல் கேட்டது. "அது பத்துக் கிலோ அரிசி வாங்குறவங்களுக்கு."