ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

“சத்தம் எதுவும் வரலியே சார்,” என்றார் மெக்கானிக், மூன்றாவது முறையாக.

“வருது.”

“எனக்குக் கேக்கலியே.”

“கேக்கலைன்னா காதைக் கழுவிட்டு வந்து கேளு!”

இப்படிக் கத்தியவர் எடை அளவு ஆய்வாளர். முப்பது வருஷமாகக் கடை கடையாகப் போய்க் கள்ளத் தராசுகளைப் பிடித்தவர். அரைக் கிராம் குறைந்தாலும் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் அவருக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் பந்தய வீரர். ஊர் அமெச்சூர் பந்தயச் சங்கத்தில் அவருக்கு ஒரு கார் உண்டு. ஒரே ஆள் உட்காரும், மேற்கூரை இல்லாத சிவப்புக் கார். ஒன்பது பேர் ஓடினால் வழக்கமாக ஆறாவதாக வருவார். போன பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தார். அந்தச் சத்தம்தான் காரணம்.

அவருடைய இன்ஜினில் சூப்பர்சார்ஜர் இருந்தது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற பெட்டி அது. அதற்கென்று ஒரு கீச்சுக்குரல் உண்டு. அதோடு அவருக்குச் சண்டை இல்லை. இது வேறு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ‘ம்ம்ம்ங்’ என்று அடியில் ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட மேலே ஏறும். வளைவு வந்தால் ‘ஙீஈஈ’ என்று உச்சத்துக்குப் போய்விடும். வெடிக்கப் போகிறதோ என்று பயந்து காலை எடுத்துவிடுவார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மெக்கானிக்கின் பெயர் குட்டி. ஆள் வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. சங்கத்து மைதானத்திலேயே அவருக்கு ஒரு கொட்டகை, அதுதான் அவருடைய பிழைப்பு. அவர் காரை நிறுத்தி வைத்து முறுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. உடம்பை எப்படியோ மடக்கி உள்ளே திணித்துக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டியும் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

“நீ கல்யாண ஊர்வலம் மாதிரி ஓட்டினா எப்படி வரும்?” என்றார் தராசு.

அடுத்த நாள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தன் செல்போனை டேப் போட்டு ஒட்டி, ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, தானே நான்கு சுற்று ஓட்டினார். திரும்பி வந்து போட்டுக் கேட்டார். ‘ம்ம்ம்ங்... ஙீஈஈ!’ தெள்ளத் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் போட்டுக் காட்டினார்.

“யாருக்கோ வயித்துவலி மாதிரி இருக்குங்க,” என்றாள் அவள்.

“இன்ஜினுக்குத்தான் வயித்துவலி! சாட்சியம் கிடைச்சுது பாத்தியா?”

குட்டியும் கேட்டார். தலையைச் சொறிந்தார். “சத்தம் இருக்குதான் சார். ஆனா இன்ஜின் போடுற சத்தமாத் தெரியல. கொஞ்சம் பொறுங்க, யோசிக்கலாம்.”

“இன்ஜின் போடாம ரேடியோவா பாடுது? சூப்பர்சார்ஜரைச் சுத்த வைக்கிற பெல்ட் தளர்ந்திருக்கு, அதான் விஷயம். உனக்குச் செய்ய மனசில்லைன்னா விடு.”

பெல்ட்டைத் தானே இறுக்கினார். இறுக்குவது என்று வந்தால் அவர் எதையும் அரைகுறையாக விடுகிறவரல்ல. சத்தம் போகவில்லை. இறுக்கிய இறுக்கலில் சூப்பர்சார்ஜரின் பேரிங் தேய்ந்து ‘கரகர’ என்று இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. இது எல்லாருக்கும் கேட்டது.

“பெல்ட்டை இவ்வளவு இறுக்கினது யாரு சார்?”

“யார் இறுக்கினா என்ன? இறுக்கினா தேயற பேரிங் ஒரு பேரிங்கா?”

புதுப் பேரிங்கை அழுத்திப் பொருத்த ஒரு கருவி இருக்கிறது என்று குட்டி சொன்னார். தராசிடம் சுத்தியல் இருந்தது. பேரிங் ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தது. மூன்றாவது சுற்றில் உள்ளே சுழலும் இறக்கைகள் சுவரில் உரசின. உரசிய அலுமினியத் தூளையெல்லாம் சூப்பர்சார்ஜர் தன் கடமை தவறாமல் இன்ஜினுக்குள் திணித்தது. வெள்ளையாக ஒரு புகை, ‘டக்’ என்று ஓர் அடி, அவ்வளவுதான். கார் புல்லில் போய் நின்றது.

“கடைசி நிமிஷம் வரைக்கும் அந்த ‘ம்ம்ங்’ வந்துக்கிட்டேதான் இருந்துச்சு,” என்று அவர் புகைக்கு நடுவே நின்று எல்லாரிடமும் சொன்னார். “நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!”

இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இனி குட்டியின் கை அதில் படக் கூடாது என்று சொல்லி, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேஜை போயிற்று. பாத்திரம் கழுவும் தொட்டியில் சூப்பர்சார்ஜர் மண்ணெண்ணெயில் ஊறியது. டம்ளர் அடுக்கும் தட்டில் வால்வுகள் வரிசையாகக் கவிழ்ந்து நின்றன.

“நாம எங்க உக்காந்து சாப்பிடறது?” என்றாள் மனைவி.

“ஒரு மனுஷனுக்கு அநியாயம் நடந்திருக்கு. உனக்குச் சாப்பாடு முக்கியமாப் போச்சு!”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பிஸ்டன்களைத் துடைத்து வைத்தபோது அவருடைய உத்தியோக ரத்தம் விழித்துக்கொண்டது. நான்கையும் நிறுத்துப் பார்த்தார். மூன்று சமமாக இருந்தன. நான்காவது இரண்டு கிராம் கூட.

“இரண்டு கிராம்!” என்று அவர் போட்ட கூச்சலில் மனைவி சோற்றுத் தட்டோடு ஓடிவந்தாள். “முப்பது வருஷமா எத்தனை கடைக்காரனை இதுக்காக நிக்க வச்சுக் கேட்டிருக்கேன்! என் இன்ஜினுக்குள்ளேயே மோசடி!”

“அதனால என்னங்க ஆகும்?”

“அதனாலதான் அந்தச் சத்தமே!”

அரத்தை எடுத்துத் தேய்த்தார். இப்போது நான்காவது ஒரு கிராம் குறைவு. மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகத் தேய்க்கப் போனார். சாயங்காலம் நான்கும் ஒரே எடையில் இருந்தன. நான்குமே எதற்கும் உதவாது என்று லேத் பட்டறைக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும், பத்து நாளாகும் என்றார். அதற்குள் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் முடிந்துவிடும்.

தராசு வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். சங்க மெக்கானிக் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கத் தவறினார். சத்தமே இல்லை என்று சாதித்து உறுப்பினரை அவமதித்தார். அதன் விளைவாக ஓர் இன்ஜினே நாசமானது. ஆகவே அவரைக் கொட்டகையை விட்டு வெளியேற்ற வேண்டும்.

மனைவி அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். பிறகு, “நீங்க கை ஒடிஞ்சு கிடந்தப்ப மூணு மாசம் உங்களை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டவருங்க அவரு,” என்றாள்.

“பழக்கம் வேற, நியாயம் வேற.”

“கொட்டகையை எடுத்துட்டா எங்க போவாரு?”

அவர் புகாரை உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டிய பிறகு ஒருமுறை உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனால் பிரிக்கவில்லை.

சங்கத் தலைவி ஒரு கால்நடை மருத்துவர். எந்த நோயாளியையும் கண்ணால் பார்க்காமல் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. விசாரணைக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார். இன்ஜின் வீட்டில் பிரிந்து கிடந்ததால் வெறும் கூட்டை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் தராசு. மைதானத்து வாசல் குறுகலாக இருந்ததால் இழுவை வண்டி உள்ளே நுழையவில்லை. காரை இறக்கினார்கள். உள்ளே அலுவலகம் வரைக்கும் நல்ல சரிவு, நடுவில் ஒரு வளைவு.

“நீங்க ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிங்க சார், நான் பின்னாலேர்ந்து தள்ளிவிடறேன்,” என்றார் இழுவை வண்டி ஓட்டுநர்.

ஒரு தள்ளுக்கே கார் உருண்டது. போகப்போக வேகம் பிடித்தது. பல வாரங்களுக்குப் பிறகு முகத்தில் காற்று அடித்தது. வளைவை அவர் அழகாக ஒடித்துத் திரும்பினார். ஓட்டுநர் பம்பரைப் பிடித்தபடியே பின்னால் ஓடிவந்தார். அலுவலக வாசலில் கார் நின்றபோது தராசு ரொம்பத் தெளிவாக இருந்தார். என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் வரிசையாக மனதில் வந்துவிட்டது.

அதை அப்படியே பேசவும் செய்தார். மேஜையைத் தட்டினார். இரண்டு கிராமைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினார். தலைவி கொட்டாவியை அடக்கிக்கொண்டு குட்டியின் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

குட்டி எழுந்து நின்றார். “சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல மேடம். நாலு நாள் தூங்காமக்கூட யோசிச்சுட்டேன். தெரியலைங்கறது தப்புன்னா, தப்புதான்.” சட்டைப் பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “சாரோட சண்டை போட எனக்கு இஷ்டமில்ல.”

சாவியைப் பார்த்ததும் தராசுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டார்.

“நாடகம் போடாதே! மேடம், சாட்சியத்தைக் கேளுங்க. இதைக் கேட்டுட்டு யாராவது சொல்லட்டும், நான் பொய்யனான்னு!”

செல்போனை மேஜை நடுவில் வைத்து ஒலியை முழுசாகக் கூட்டினார். ‘ம்ம்ம்ங்...’ என்று ஆரம்பித்தது. ஏறியது. வளைவு வந்தது. ‘ஙீஈஈ!’ ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

காரை இறக்கியதற்குக் கையெழுத்து வாங்குவதற்காகச் சீட்டோடு வாசலில் காத்திருந்த இழுவை வண்டி ஓட்டுநர், தலையை உள்ளே நீட்டினார்.

“இன்ஜினே இல்லாத வண்டியை நான் தள்ளிட்டு வந்தப்ப, சரிவு முழுக்க சார் வாயாலயே போட்டுக்கிட்டு வந்தாரே, அதே சத்தம்தானுங்களே இது?”