வட்டிக்காசில் வந்த டிரான்சிஸ்டர்

மார்க்கத்துக்கும் விரோதமில்லாமல், மனைவிக்கும் தெரியாமல், ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். ஜமுனாமரத்தூரில் புளி மண்டி நடத்தும் கவுஸ் பாஷாவுக்கு இதுகூட முடியாதா?

என் சம்சாரம் ஜைத்தூனுக்கு டிரான்சிஸ்டர் என்றால் வீண் செலவு. பேங்க் என்றால் வட்டி. வட்டி என்றால் ஹராம். கல்லாப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற குடும்பம் எங்களுடையது.

"பேங்க்ல போட்டா திருட்டு பயம் இல்லே ஜைத்தூன்."

"வட்டி குடுப்பானே?"

"அத நாம தொடவே வேணாம். ஏழை எவனுக்காச்சும் தூக்கிக் குடுத்துடலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அப்படித்தான் சொல்றாரு."

"குடுத்துட்டு நன்மைகூட எதிர்பாக்கக் கூடாதுங்க. தெரியுமில்லே?"

"நானா எதிர்பாக்கறவன்?"

"அப்ப உங்க பேர்லயே போட்டுக்கோங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வட்டி விழுந்ததும், எனக்குப் புளி கொண்டுவரும் பக்கத்துத் தெரு ஏழை சின்னதம்பியிடம் ஜைத்தூன் கண்ணெதிரே கொடுத்தேன். அவனிடம் ரகசியமும் பேசிவைத்திருந்தேன். அந்தக் காசில் ஆலங்காயத்தில் டிரான்சிஸ்டர் வாங்கி, எனக்கு அன்பளிப்பாகத் தர வேண்டும். வட்டிதானே ஹராம், அன்பளிப்பு ஹலால்! என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அடுத்த சந்தைக்குச் சின்னதம்பி வெறுங்கையோடு வந்தான்.

"இன்னாய்யா, வாங்கலியா?"

"வாங்கிட்டேன் பாய். ஷோக்கா பாடுது. எங்க வூட்லதான் கீது."

"எனக்குத் தரணும்னு சொன்னேனே!"

"எம் பொண்டாட்டி செந்தாமரை, ஜைத்தூன் அக்காகிட்ட ஒளறிட்டா பாய். குடுத்தவரு கைக்கே திரும்பிப் போனா அது வட்டி துன்ன மாதிரிதான்னு அக்கா சொல்லிட்டாங்க. உங்களப் பாவத்துல தள்ள எனக்கு மனசு வர்ல."

கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். ஜைத்தூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"செந்தாமரை வூட்டுக்கு. சினிமா பாட்டு போடற நேரம்."

"வீண் செலவுன்னியே!"

"நம்ம வூட்ல வாங்கினாத்தான் செலவு."

"அப்ப நானும் வர்றேன்."

"ஐயோ, நீங்க வரக்கூடாதுங்க! வட்டி உங்க கணக்குல வந்தது. ஒரு பாட்டு காதுல வுழுந்தாலும் உங்களுக்கு ஹராம்."

"உனக்கு?"

"எனக்கு இன்னா? அக்கம்பக்கத்து வூட்டு ரேடியோ. அடுப்புல கஞ்சி கீது, அடிபிடிக்காம கிண்டிவைங்க."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கஞ்சி கிண்டுவது நான்தான். உப்பு பத்தவில்லை என்று வேறு சொல்கிறாள்.